புறம்போக்கு என்று திட்டாதீர்கள்!

உங்கள் அப்பா பெயரில் ஊரில் நாலு ஏக்கர் புஞ்சை இருக்கிறதா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எட்டிப் பார்க்கும்போது, "அந்தப் பொட்டலை வித்துத் தொலைச்சா என்னப்பா?" என்று அலுத்துக்கொள்கிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். இல்லை, சொந்தமாக ஒரு பூந்தொட்டி மண் கூடக் கிடையாது, வாடகை வீட்டில் ஃபேனுக்குக் கீழே மல்லாந்து படுத்தபடி படிக்கிறீர்களா? அப்போதும் உங்களுக்குத்தான். அந்த ஃபேன் யாருடைய நிலத்தின் புண்ணியத்தில் சுற்றுகிறது என்பதுதான் விஷயமே!

நாம் நினைக்கிற மாதிரி கரண்ட் கம்பியில் விளைவதில்லை. நெல், கம்பு மாதிரி அதுவும் நிலத்தில் விளைகிற சமாசாரம்தான். நிலக்கரி என்றால் நிலத்தைத் தோண்ட வேண்டும். அணை என்றால் நிலத்தை முழுக வைக்க வேண்டும். சூரிய மின்சாரம் என்றால் நிலத்தின் மேல் கண்ணாடிப் பலகைகளைப் பரப்ப வேண்டும். ஒரு மெகாவாட் சோலாருக்கு ஏறக்குறைய நாலிலிருந்து ஐந்து ஏக்கர் ஆகும். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நம் பிரதமர் கொடுத்த வாக்குப்படி, 2030-க்குள் நிலக்கரி, எரிவாயு சேராத மின்நிலையங்கள் 5 லட்சம் மெகாவாட் அளவுக்கு நாட்டில் இருக்க வேண்டும். அதில் பெரும்பங்கு சூரியனும் காற்றும். இப்போது அந்த ஐந்து ஏக்கரால் பெருக்கிப் பாருங்கள். கால்குலேட்டரில் பூஜ்யம் போதாது!

"அப்ப வேண்டாம், நிலக்கரியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட முடியுமா? முடியாது, ஸார். நெய்வேலியில் ஐம்பதுகளில் ஆரம்பித்து நிலம் எடுப்பது இன்னும் முடியவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், பச்சைப் பசேல் என்று நின்ற நெற்பயிர்மேல் பொக்லைன் ஏறி வாய்க்கால் வெட்டிய காட்சியை டி.வி.யில் பார்த்து, சோறு தின்கிற எல்லோருக்கும் வயிறு கலங்கியது. 'எப்போதோ கையகப்படுத்திய நிலம்தான்' என்றது நிர்வாகம். இருக்கலாம். பயிருக்கு அது தெரியாதே! சுரங்கம் வெட்டினால் நிலம் போகும், எரித்தால் புகை வரும், எரித்து முடித்தால் சாம்பல் மலை நிற்கும். சூரியனிடமும் காற்றிடமும் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் அவை இடம் கேட்கும்.

ஆக, இது நல்லவன்-கெட்டவன் சினிமா இல்லை. சோறு போடுகிற நிலம் ஒரு ஹீரோ. புகையில்லாத கரண்ட் இன்னொரு ஹீரோ. பறவையும் புல்வெளியும் மூன்றாவது ஹீரோ. மூன்று ஹீரோவும் ஒரே இடத்தில் வந்து நின்றால் என்ன ஆகும்? அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

கமுதிப் பக்கம் ஒரு பஞ்சாயத்து

என் பக்கத்து ஸீட் நண்பருக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் கமுதிப் பக்கம் ஒரு கிராமம். ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். "ஊர்ல புரோக்கர் வந்திருக்கான். நம்ம புஞ்சையை சோலாருக்குக் குத்தகைக்குக் கேக்குறாங்களாம். முப்பது வருஷம். அப்பா யோசிக்கிறார். எனக்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்குன்னு தோணுது" என்றார். மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி இரண்டு பேருமாகக் கிளம்பிவிட்டோம். எனக்கு வேடிக்கை பார்க்கிற ஆசை. அவருக்குக் கையெழுத்து வாங்குகிற ஆசை.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக பஸ். விடிந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் சீமைக் கருவேலம். நடுநடுவே கரிமூட்டப் புகை. ஊர்க் களத்தில் குண்டு குண்டாக முண்டு மிளகாய் சிவப்புக் கம்பளம் மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. (2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிளகாய்தான்!)

கமுதிக்கு சோலார் புதுசு இல்லை. 2016 செப்டம்பரில் அங்கே 648 மெகாவாட் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகைகள். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் அப்போது உலகத்திலேயே பெரியது. எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் நிறைந்த பெரிய கண்மாய் மாதிரி இருக்கிறது. கிட்டே போனால்தான் கண்ணாடி. தண்ணிக்கு ஏங்குகிற சீமையில் கடவுள் பண்ணுகிற கிண்டலைப் பார்த்தீர்களா!

நண்பரின் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காப்பி வந்தது. நான் மெள்ள ஆரம்பித்தேன்.

"ஐயா, மழையை நம்பின வெள்ளாமை. பத்து வருஷத்துல எத்தனை வருஷம் கைக்கு வருது? குத்தகைக்கு விட்டா மாசம் பொறந்தா சம்பளம் மாதிரி வந்துருமே?"

"நெசந்தான் தம்பி. பத்துக்கு மூணு வருசம் கண்மாய் பெருகினா பெரிசு. நான் இல்லைங்கல. ஆனா புஞ்சையில வெள்ளாமை மட்டுமா இருக்கு? அறுத்து முடிச்சா கீதாரி வந்து ஆட்டுக் கிடை போடுவான். அவன் ஆட்டுக்குத் தீனி, என் மண்ணுக்கு உரம். வடக்கால இருக்குற ஓடையிலதான் மழைத்தண்ணி ஓடி எங்க கண்மாய்க்கு வருது. புரோக்கர் நீட்டுன பேப்பர்ல ஓடையைக் காணோம். 'சுத்தி வேலி போட்டுருவோம்'னு மட்டும் இருக்கு. வேலிக்குள்ள ஓடை போனா, கண்மாய்க்குத் தண்ணி வான மார்க்கமாவா வரும்?"

நண்பர் குறுக்கே பாய்ந்தார். "அப்பா, ஊரே குடுக்குது. நம்ம மட்டும் நடுவுல நின்னா என்ன ஆகும்?"

"அதான்டா பயமா இருக்கு. நீ ரிட்டயராகி வந்து இங்க நிப்ப. உன் வரப்பு எது, என் வரப்பு எதுன்னு யாருகிட்ட போய்க் கேப்ப?"

வெளியே ஒரு பெண்மணி இரண்டு வெள்ளாட்டைக் கயிற்றில் பிடித்தபடி பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நிலம் கிடையாது. களையெடுக்கப் போவார், மிளகாய் பறிக்கப் போவார், மற்ற நாளில் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போவார். போகிற போக்கில் ஒரு கேள்வி போட்டார் பாருங்கள்: "பட்டா வச்சிருக்கவுகளுக்குக் குத்தகைப் பணம் வரும். எம் பேரு எந்தச் சிட்டாவுல இருக்கு? என் ரெண்டு ஆட்டுக்கு யாரு குத்தகை குடுப்பாக?"

நண்பரும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் பதில் இல்லை.

பாவகடாவில் என்ன ஆச்சு?

அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகாவில் இருக்கிறது. தும்கூர் மாவட்டத்தில் பாவகடா என்று ஒரு வறண்ட தாலுகா. மழை ஏமாற்றி ஏமாற்றி, பாதி ஊர் பெங்களூருக்குப் பிழைக்கப் போய்விட்ட சீமை. அங்கே ஐந்து கிராமங்களில் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா அமைத்தார்கள். 2019 கடைசியில் முழுதாக ஓட ஆரம்பித்தது.

இதில் மெச்சத் தகுந்த விஷயம், யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. விலைக்குக்கூட வாங்கவில்லை. அரசு அமைப்பே விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு வருஷம் ரூ. 21,000. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவிகிதம் ஏறும். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். நிலக்கடலை போட்டுக் கடனாளியாகிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய விஷயம்தானே? பத்து ஏக்கர் இருந்தவர் நிமிர்ந்தார்.

ஆனால் அரை ஏக்கர் இருந்தவர்? நிலமே இல்லாமல் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்? நிலத்தில் வேலை நின்றதும் அவருக்குக் கூலியும் நின்றது. ஆடு மாடு மேய்க்க இடம் சுருங்கியது. சோலார் பூங்காவில் வேலை இருக்கிறது - பலகை கழுவ, புல் வெட்ட, காவல் காக்க. எத்தனை பேருக்கு? ஒரு வயலில் நாற்பது பேர் களையெடுத்த இடத்தில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். கமுதிப் பெண்மணி கேட்ட கேள்வியின் கன்னட மொழிபெயர்ப்பு அது!

தரிசு - ஒரு வார்த்தை செய்கிற வேலை

"விளை நிலத்தை ஏன் தொடணும்? தரிசுதான் கொட்டிக்கிடக்கே, அங்க போட்டா போச்சு" என்பார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட தரிசு நில அட்லஸைப் பிரித்தால், நாட்டில் 5.57 கோடி ஹெக்டேர் தரிசு என்று இருக்கிறது. மொத்தப் பரப்பில் சுமார் 17 சதவிகிதம்! அடேயப்பா, சோலாருக்கு வேண்டியதைப்போல எத்தனையோ மடங்கு!

அவசரப்படாதீர்கள். அந்தப் பட்டியலில் என்னென்ன இருக்கிறது தெரியுமா? புதர்க்காடு இருக்கிறது. தேய்ந்துபோன மேய்ச்சல் நிலம் இருக்கிறது. பாலைவன மணல் இருக்கிறது. இமயமலைப் பனிப்பாறைகூட இருக்கிறது!

இந்த வார்த்தைக்கு ஒரு பூர்வ கதை உண்டு. வெள்ளைக்காரன் கணக்குப் புத்தகத்தோடு வந்தவன். வரி வருகிற நிலம் அவனுக்கு நிலம். வராதது 'வேஸ்ட்'. அந்தக் கணக்கு அப்படியே நம் தாலுகா ஆபீஸ் பீரோவில் தங்கிவிட்டது. இன்றைக்கும் வி.ஏ.ஓ. கணக்கில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இருக்கும். தீர்வை என்றால் வரி. அப்புறம் இருக்கவே இருக்கிறது புறம்போக்கு. கண்மாய், களம், சுடுகாடு, மந்தை, மேய்ச்சல் எல்லாம் அதில்தான். வரிக் கணக்குக்குப் புறம்பானது, ஊருக்குப் பொதுவானது என்று அர்த்தம். நாமோ பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்ட அந்த வார்த்தையை வைத்திருக்கிறோம்!

கணக்கில் 'தரிசு' என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால், அங்கே யாரும் இல்லை, எதுவும் இல்லை என்று முடிவாகிவிடுகிறது. கிடை போடுகிற கீதாரி கணக்கில் இல்லை. விறகு பொறுக்குகிற பாட்டி கணக்கில் இல்லை. இவர்களாவது வாய் திறந்து கேட்பார்கள். வாயே இல்லாத ஒரு பார்ட்டி இருக்கிறது. அதைப் பார்க்க ராஜஸ்தான் போக வேண்டும்.

பதினைந்து கிலோ பறவையும் ஒற்றைக் கம்பியும்

கானமயில் என்று ஒரு பறவை. மயில் என்ற பெயரைப் பார்த்துத் தோகையைத் தேடாதீர்கள். நெட்டைக் கழுத்து, நீளக் கால், நெருப்புக்கோழிக்குத் தம்பி மாதிரி கம்பீரமான நடை. எடை 15 கிலோ வரைக்கும் போகும். பறக்கிற பறவைகளில் இவ்வளவு கனமானவை உலகத்திலேயே சிலதான். வருஷத்துக்கு ஒரு முட்டை, அதையும் வெறும் தரையில் இடும். மரமில்லாத புல்வெளிதான் அதற்கு வீடு. கணக்குப்படி அதுவும் 'தரிசு'!

2018 வாக்கில் கணக்கெடுத்தபோது மிஞ்சியது சுமார் 150. பெரும்பாலும் ஜெய்சல்மேர் பக்கம். அந்த இடத்தில்தான் வெயிலும் அமோகம், காற்றும் அமோகம். சோலாரும் காற்றாலையும் வந்தன. அவற்றிலிருந்து கரண்டைக் கொண்டுபோக வானமெங்கும் கம்பிகளும் வந்தன. கானமயிலுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. தெரிந்தாலும், லோடு ஏற்றிய லாரி மாதிரி, சட்டென்று ஒடித்துத் திரும்ப அதன் கனம் விடாது. மோதியது என்றால் முடிந்தது கதை. தார்ப் பாலைவனத்தில் வருஷத்துக்கு 18 கானமயில்கள் வரை கம்பியில் அடிபட்டுச் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. நூற்றைம்பதில் வருஷம் பதினெட்டு! எந்த வம்சம் தாங்கும்?

விவகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2021 ஏப்ரலில் கோர்ட் சொன்னது: கம்பிகளைப் பூமிக்கடியில் பதியுங்கள், முடியாத இடத்தில் பறவைக்குத் தெரிகிற மாதிரி பளபளக்கும் தகடுகளைத் தொங்கவிடுங்கள். 'ஐயோ, உயர் அழுத்தக் கம்பியை இத்தனை தூரம் மண்ணுக்குள் புதைக்க முடியாது, சோலார் திட்டமே படுத்துவிடும்' என்று மத்திய அரசு திரும்பக் கோர்ட்டுக்கு ஓடியது. 2024 மார்ச்சில் கோர்ட் அந்த உத்தரவைத் தளர்த்தி, எங்கே புதைக்கலாம், எங்கே வேண்டாம் என்று பார்க்க நிபுணர் குழு போட்டது. அதே தீர்ப்பில், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காப்பாற்றப்படுவது குடிமக்களின் உரிமை என்றும் சொன்னது. ஒரு பக்கம் பூமி சூடாகாமல் காக்க வேண்டும். இன்னொரு பக்கம் இந்தப் பறவையைக் காக்க வேண்டும். இரண்டுமே பச்சைக் கட்சி. பச்சைக்கும் பச்சைக்கும் சண்டை வந்தால் ஜட்ஜ் என்ன செய்வார், பாவம்!

அதே ஜெய்சல்மேரில் 'ஓரண்' என்று கோயில் காடுகள் உண்டு. நம் ஊர் அய்யனார் காடு மாதிரி. சாமி காடு என்பதால் கிளையை ஒடிக்க மாட்டார்கள். ஒட்டகமும் ஆடும் மேயும், பறவை குஞ்சு பொரிக்கும். தலைமுறை தலைமுறையாக ஊர் காத்த இடம். ஆனால் பல ஓரண்கள் வருவாய்க் கணக்கில் என்னவாக இருந்தன? சரியாகச் சொன்னீர்கள்... தரிசு! அதனால் மின்கம்பிகளும் சோலாரும் அந்தப் பக்கம் திரும்ப, ஊர் ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். கடைசியில் 2024 டிசம்பர் 18-ல் சுப்ரீம் கோர்ட், ஓரண்களை அளந்து, வரைபடம் போட்டு, காடு என்று அறிவிக்கும்படி ராஜஸ்தான் அரசுக்குச் சொன்னது.

மேனேஜர் லீவில் போனால்...

'காற்றாலை நல்ல பிள்ளையாச்சே, கீழே விவசாயம் பண்ணலாமே' என்று கேட்பீர்கள். பண்ணலாம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்கள் ராட்சச விசிறிகளுக்குக் கீழே மாடு மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். (போகாதவர்கள் ஏதாவது டூயட்டில் கட்டாயம் பார்த்திருப்பீர்கள்!) ஆனாலும் அங்கேயும் கணக்கு அவ்வளவு சுலபமில்லை.

மகாராஷ்டிரத்தில் சதாரா பக்கம் சால்கேவாடி என்று ஒரு மலைப் பீடபூமி. அங்கே காற்றாலைகள் வந்து ரொம்ப வருஷம் ஆகிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்றாலை உள்ள இடத்தில், இல்லாத இடத்தைவிடப் பருந்து, கழுகு வகையறா நாலில் ஒரு பங்குதான் இருந்தன. விசிறிக்குப் பயந்து ஒதுங்கிவிட்டன. சரி, பருந்து போனால் என்ன? கீழே ஓணான்கள் பெருகிவிட்டன. பெருகியதோடு இல்லை, ரத்தத்தில் பயத்தைக் காட்டும் ஹார்மோனே குறைந்துபோய், ஆள் கிட்டே போனாலும் ஓடாமல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. மேனேஜர் ஒரு வாரம் லீவில் போனால் நம் ஆபீஸ் எப்படி இருக்கும்? அதே கதைதான்! மேலே ஒரு விசிறி சுற்றினால், கீழே ஒரு ஊரின் நடைமுறையே மாறிவிடுகிறது. ஓணானைத் தின்கிறவன் போய்விட்டான், அப்புறம் ஓணான் தின்கிற பூச்சி என்ன ஆகும் என்று அந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போகும்.

இதையெல்லாம் முன்கூட்டியே பார்க்க ஒரு சட்டம் இருக்கிறதே என்பீர்கள். சுரங்கம், சிமெண்ட் ஆலை, அனல் மின்நிலையம் வரவேண்டுமானால் 2006-ம் வருஷத்து விதிப்படி சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வு வேண்டும். சோலாரும் காற்றாலையும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2016-ல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று கலர் பிரித்தபோது இந்த இரண்டும் வெள்ளையில் போய் உட்கார்ந்தன. மாசு இல்லை என்பது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாசு வேறு, இடம் வேறு. வெள்ளைச் சட்டை போட்டவர் என்பதற்காக யார் வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழையலாமா?

அப்ப எங்கதான் வைக்கிறது?

இதைத்தான் ஒழுங்காகக் கேட்க வேண்டும். வேண்டுமா, வேண்டாமா என்பதில்லை கேள்வி. கட்டாயம் வேண்டும். எங்கே முதலில், எங்கே கடைசியில், எங்கே கூடவே கூடாது - அந்த வரிசைதான் கேள்வி.

முதல் இடம், உங்கள் தலைக்கு மேலே. மொட்டை மாடி! ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி போதும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில், ஒரு கோடி வீடுகளுக்கு மாடி சோலார் என்று இலக்கு. மூன்று கிலோவாட்டுக்கு ரூ. 78,000 மானியம். எந்தப் பறவையும் அங்கே முட்டையிடவில்லை. எந்தக் கீதாரியும் கிடை போடவில்லை. "வடாம் எங்கே காயப்போடறது?" என்று வீட்டில் கேள்வி வரும். அடுக்குமாடியாக இருந்தால், மாடி யாருக்குச் சொந்தம் என்று அசோசியேஷன் மீட்டிங்கில் நாற்காலி பறக்கும். சமாளித்துக்கொள்ளுங்கள். கானமயிலைவிட நம் கஷ்டம் சின்னது.

அடுத்து, தண்ணீர் மேல். 2012-ல் குஜராத்தில் நர்மதைக் கால்வாய்க்கு மேலே, பந்தல் மாதிரி சோலார் போட்டார்கள். தண்ணீர் ஆவியாவதும் கொஞ்சம் மிச்சம். தூத்துக்குடியில் 2022-ல் ஓர் உரத் தொழிற்சாலையின் நீர்த்தேக்கத்தில் 25 மெகாவாட்டுக்கு மிதக்கும் சோலார் திறந்தார்கள். ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கிறவர், மாடு குளிப்பாட்டுகிறவர் என்று பாத்தியதைக்காரர்கள் உண்டு. கம்பெனித் தேக்கத்தில் அந்த வம்பு இல்லை.

மூன்றாவது, ஏற்கெனவே கொடுத்த இடம். 1986-ல் தூத்துக்குடிப் பக்கம் முதன்முதலாகக் காற்றாலை வைத்தபோது ஒன்றின் திறன் 55 கிலோவாட். தொண்ணூறுகளில், போட்ட பணம் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வரி மிச்சம் பண்ணலாம் என்றதும், நூற்பாலை முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டு காற்றாலை நட்டார்கள். அந்த நாள் காற்றாலைகள் இன்னும் நல்ல காற்றடிக்கும் கணவாய் வாயில்களில் நின்று, கிழவர் மாதிரி மூச்சு வாங்குகின்றன. இன்று ஒரே காற்றாலை இரண்டு, மூன்று மெகாவாட் தருகிறது. பழசை எடுத்துவிட்டுப் புதுசை அங்கேயே நிறுத்தினால், ஒரு சென்ட் புது நிலம் இல்லாமல் கூடுதல் கரண்ட். தமிழக அரசு 2024-ல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. வேகமாக நடக்க வேண்டும்.

நான்காவது, கம்பும் கரண்ட்டும் ஒரே வயலில். ஜெர்மனியில் ஹெக்கல்பாக் என்ற இடத்தில் ஒரு பண்ணையில் 2016-ல் சோலாரை ஐந்து மீட்டர் உயரத்தில் தூக்கி நிறுத்தினார்கள். கீழே டிராக்டர் ஓடியது. 2017-ல் நிழலால் விளைச்சல் குறைந்தது. 2018-ல் வெயில் மண்டையைப் பிளந்தபோது, அதே நிழலே குடையாகி, போட்ட நாலு பயிரில் மூன்று, வெட்டவெளியைவிட அதிகம் விளைந்தன. ஜெர்மனி வெயிலே மண்டையைப் பிளக்கும் என்றால் நம் கமுதி வெயிலை என்ன சொல்வது! ஜோத்பூரிலும் நம் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. 2019-ல் வந்த குசும் திட்டத்தில், விளைநிலமானால் உயரத் தூண்கள் மேல் பலகை வைத்து, கீழே பயிர் செய்ய வழி இருக்கிறது. செலவு கூடும். ஆனால் விவசாயி விவசாயியாகவே இருப்பார், கூலிக்காரருக்கும் வேலை இருக்கும்.

இவ்வளவும் போதாமல் போகும். பெரிய பூங்காக்களும் வேண்டியிருக்கும். அதற்குக் கடைசியாக வெட்டவெளியைத் தேடுங்கள் - தாலுகா ஆபீஸ் கணக்கைப் பார்த்து இல்லை, நேரில் போய், நாலு பருவமும் பார்த்து. கோயில் காடு, பறவைப் புல்வெளி, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் ஓடை - இந்த மூன்றும் கூடவே கூடாத பட்டியல்.

கையெழுத்துப் போடும் முன்...

நண்பரின் அப்பா என்ன முடிவு எடுத்தார் என்று கேட்பீர்கள். புரோக்கருக்கு ஆள் அனுப்பி, "ஓடைக்கு ரெண்டு பக்கமும் இடம் விட்டு எழுதிக் கொண்டா, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார். பேப்பர் இன்னும் வரவில்லை. நண்பருக்கு முதலில் கோபம். இப்போது ஊரில் இன்னும் நாலு பேர் அதே மாதிரி கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்கிறார். கோபம் வந்த வேகத்தில் பெருமையும் வந்துவிட்டது!

உங்கள் ஊருக்கும் ஒருநாள் புரோக்கர் வருவார். வெயில் நம்மிடம்தானே இருக்கிறது! அப்போது இதைக் கேளுங்கள். விலைக்கா, குத்தகைக்கா? விற்றால் ஒரு தடவை காசு. குத்தகை என்றால் நிலம் உங்களுடையது. குத்தகைத் தொகை வருஷம் போகப் போக ஏறுமா? பாவகடாவில் ஏறுகிறது, இங்கே ஏன் ஏறக்கூடாது? ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திர ஆபீஸில் பதிய வேண்டும், பதிகிறார்களா? புரோக்கருக்கு 'பவர்' எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா? அப்படியானால் எழுந்து காப்பி சாப்பிடப் போய்விடுங்கள். முப்பது வருஷம் கழித்து இரும்பையும் கான்கிரீட்டையும் யார் பிடுங்குவது, எல்லைக் கல்லை யார் நட்டுக் கொடுப்பது? ஓடை, வண்டிப் பாதை, மந்தைப் பாதை வரைபடத்தில் இருக்கிறதா? கடைசியாக, உங்கள் புஞ்சையில் இத்தனை நாள் களையெடுத்தவருக்கு அந்தப் பூங்காவில் என்ன வேலை?

கடைசிக் கேள்வியைக் கேட்டால் புரோக்கர் உங்களை விநோதமாகப் பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்கள். சட்டம் கேட்காததைச் சில சமயம் பட்டாக்காரர்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம். அடுத்த தடவை பஸ்ஸில் யாராவது காலை மிதித்து, "டேய், புறம்..." என்று வாய் வரைக்கும் வந்துவிட்டால், ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். ஊருக்கெல்லாம் பொதுவானது, ஆட்டுக்குத் தீனியும் கண்மாய்க்குத் தண்ணீரும் பறவைக்கு வீடும் கொடுப்பது என்று அர்த்தம். மிதித்த ஆசாமிக்கு அவ்வளவு பெரிய பட்டம் தகுமா என்று யோசித்துவிட்டு, அப்புறம் திட்டுங்கள்!